முன்கூட்டியே சொன்ன சாட்சியும் வயிற்றில் இருந்த கட்டியும்

1987 ஜனவரி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, ராஜபாளையத்தில் எங்கள் சபையின் முன்னால் நின்று, மைக்கைப் பிடித்து நான் ஒரு பொய்ச் சாட்சி சொன்னேன். கர்த்தர் எனக்குப் பிள்ளை கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். என் வயிற்றில் பிள்ளை இல்லை, கட்டி இருந்தது. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னது எப்படிப் பொய்யாகும் என்று கேட்பீர்கள். தெரிந்துகொள்ளக் கூடாது என்று பிடிவாதமாக இருந்துகொண்டு சொன்னேன். அதனால் பொய்தான்.

இதைப் படிக்கிற சகோதரிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மனதுக்கு இதமான சாட்சி இல்லை. பன்னிரண்டு வருடமாகியும் எனக்குக் கோபம் தீரவில்லை. இப்படிக் கோபத்தோடு சாட்சி எழுதலாமா என்று ஒரு ஊழியர் கேட்டார். கோபத்தை எடுத்துவிட்டால் அது வேறு யாருடைய சாட்சியாகவோ ஆகிவிடும் என்று சொன்னேன். ஆனால் கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

என் பெயர் ஜெயராணி. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி ஏழு வருடம். என் கணவர் சாமுவேல் நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார். நான் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக் கொட்டகையில், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டைகளில் நூல் சுற்றிக் கொடுப்பேன். ஏழு வருடம் பிள்ளை இல்லாதவளை ஊர் எப்படிப் பார்க்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. குழந்தையைத் தொட்டிலில் போடுகிற வீட்டுக்குப் போனால் என்னை வாசற்பக்கமே உட்கார வைப்பார்கள். காப்பி மட்டும் மறக்காமல் வந்துவிடும்.

என் கணவரின் அக்கா எஸ்தர். நான் மைனி என்று கூப்பிடுவேன். சபையின் பெண்கள் ஜெபக் குழுவுக்கு அவர்தான் தலைவி. நாலு பிள்ளை பெற்றவர். ஜெபத்தில் அவர் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். என் விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் என்னை நடுவில் உட்கார வைத்து, பத்துப் பேர் என் தலையிலும் வயிற்றிலும் கை வைத்து ஜெபித்தார்கள். எனக்கு ஆரம்பத்திலிருந்தே மாதவிலக்கு ஒழுங்காக வராது. 1986 அக்டோபரிலிருந்து சுத்தமாக நின்றுவிட்டது. சாப்பிட்டால் குமட்டியது, வயிறு கனத்தது. மைனி என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிட்டார்.

"ஏட்டி ராணி, கர்த்தர் கதவத் தொறந்துட்டாரு. நாலு பிள்ள பெத்தவ சொல்லுதேன், ஒனக்கு மூணு மாசம்."

"ஆசுபத்திரில ஒரு தடவ பாத்துருவோமா மைனி?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கர்த்தர் சொன்னது சரியா தப்பான்னு டாக்டர்ட்ட கேக்கப் போறியா?"

எங்கள் சபையில் முன்சாட்சி என்று ஒரு வழக்கம் இருந்தது. ஜெபித்த காரியம் கைக்கு வருவதற்கு முன்பே, வந்துவிட்டது என்று சபையின் முன்னால் நன்றி சொல்ல வேண்டும். அதுதான் விசுவாசம். அப்படிச் சொன்ன பிறகு அந்தக் காரியத்தைச் சந்தேகப்படுவது பாவம், சோதித்துப் பார்ப்பது அதைவிடப் பெரிய பாவம். வேலைக்காக, வீட்டுக்காக, வியாதி சுகமாவதற்காக எத்தனையோ பேர் முன்சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நடந்தவற்றை வருடக்கணக்கில் பேசுவார்கள். நடக்காதவற்றைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். என்னையும் அந்த மேடையில் ஏற்றினார்கள். நானும் சந்தோஷமாகத்தான் ஏறினேன். அதை மறைக்க மாட்டேன். ஏழு வருடத்தில் அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

பிப்ரவரியில் வயிறு நன்றாகத் தெரிந்தது. மார்ச்சில் பார்க்கிறவர்கள் எட்டு மாதமா என்று கேட்டார்கள். என் கணக்குப்படி அது ஆறாம் மாதம். இரட்டைப் பிள்ளை என்று மைனி சபையில் அறிவித்தார். அதற்கும் கைதட்டல். எனக்கு மூச்சு வாங்கியது. கால் வீங்கவில்லை, முகம் மட்டும் ஒட்டிப் போனது. கை எல்லாம் குச்சியாகிவிட்டது. வயிறு கல் மாதிரி இருந்தது. ஒரு நாள், ஒரு பொழுது, ஒரு தடவைகூட உள்ளே எதுவும் அசையவில்லை.

"மைனி, ஒண்ணுமே அசைய மாட்டேங்குது" என்றேன்.

"சில பிள்ளைக அமைதியா இருக்கும். நீ இப்பிடி யோசிச்சி யோசிச்சித்தான் பிசாசுக்கு எடம் குடுக்க."

பாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணை மூடிச் செத்த நேரம் ஜெபித்துவிட்டு, "சகோதரி, சபைக்கு முன்னால சொன்ன வார்த்தைய நீங்களே கொன்னுறாதீங்க" என்றார். என் கணவரிடம் கேட்டேன். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அந்த மனிதர் அப்போது அப்படித்தான். பொல்லாதவர் இல்லை. எதிலும் தன் வாயால் ஒரு முடிவு சொல்லிப் பழகாதவர்.

தறிக் கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுகிறவர் ரஹ்மத் அக்கா. ஐந்து பிள்ளைகளின் தாய். ஏப்ரலில் ஒரு நாள் மத்தியானம், கரண்ட் போய்த் தறிகள் எல்லாம் நின்றிருந்த நேரத்தில், அவர் என்னைக் கேட்காமலே என் வயிற்றில் கையை வைத்து நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். ஜெபிப்பதற்காக இல்லாமல் ஒருவர் என் வயிற்றில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

"ஏட்டி, கோவிச்சுக்கிடாத. இது பிள்ள இல்ல" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. கையைத் தட்டிவிட்டேன். உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் எங்கள் ஆளா என்று கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன்.  மறுநாள் காலையில் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காவ. பஸ்சு ஏறுனா அரை மணி நேரம். நான் சொன்னது தப்புன்னா அவிய முன்னாலேயே என்னைய வைஞ்சுக்க."

நான் போனதே அவரைத் திட்டுவதற்குத்தான். என் விசுவாசம் ஜெயித்தது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று வெறியோடு பஸ் ஏறினேன். கர்த்தர் மனிதர்களை எப்படியெல்லாம் ஆசுபத்திரிக்குக் கொண்டு போகிறார் என்று பின்னால் யோசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சின்ன நர்சிங் ஹோம். சிரிக்கவே மாட்டார். என்னைப் படுக்க வைத்துப் பார்த்தார். குழாயை வைத்துக் கேட்டார். 

"பிள்ளைன்னு யாரு சொன்னது?"

"எங்க மைனி."

"அவங்க என்ன படிச்சிருக்காங்க?"

நான் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடினேன்.

"இதுக்குள்ள பிள்ளை இல்லம்மா. பெரிய கட்டி. சினைப்பையிலேருந்து வளந்திருக்கு. ஆறு மாசமா இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

ஜெபம் பண்ணினோம் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் கேட்டதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் ஆபரேஷனுக்கு வரச் சொன்னார். திரும்பி வருகிற பஸ்சில் ரஹ்மத் அக்கா என் கையைப் பிடித்திருந்தார். நான் அழுதேன். கட்டிக்காக அழவில்லை. இல்லாத ஒரு பிள்ளைக்காக அழுதேன். பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

வீட்டில் சொன்னதும் மைனி வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

"பிள்ளையாத்தான் இருந்துச்சு. நீ சந்தேகப்பட்டு டாக்டர்ட்ட போன பாரு, அந்த நேரமே அது கட்டியா மாறிட்டு. ஒன் அவிசுவாசம் ஒன் பிள்ளையத் தின்னுட்டு."

இருபத்தெட்டு வயதுப் பெண்ணிடம், அவள் சாகக் கிடக்கும்போது சொன்ன வார்த்தை இது. சொன்னவர் பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு பாஸ்டர் வந்தார். கத்தி வைத்தால் சபையின் சாட்சி பொய்யாகிவிடும், ஊரே சிரிக்கும், இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் வைப்போம், கட்டி மறுபடியும் பிள்ளையாக மாறும் என்றார். என் கணவர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன் என்று எழுதும்போது எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. பயம் அப்படி இருந்தது. என் அவிசுவாசத்தால்தான் என்று பாதி மனது நம்பியது.

உபவாசத்தின் பத்தாம் நாள் என்னால் மல்லாந்து படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தேன். மத்தியானம், அடுப்படியில், யாரும் இல்லாத நேரத்தில் நான் ஜெபித்தேன். அது ஜெபம் என்று சொன்னால் பாஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் முழங்கால் போடவில்லை, என்னால் முடியாது. ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சண்டைக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசினேன். "ஏழு வருடம் கொடும் கொடும் என்று கேட்டேன். இனி நீர் எனக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். என்னிடம் இருப்பதைப் பிடுங்காதேயும். இந்தக் கட்டியை எடுத்துக்கொள்ளும், என் கர்ப்பப்பையை விட்டுவிடும். உண்மையைச் சொல்கிற ஒரு ஆளை மட்டும் எனக்குக் காட்டும். இங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, என்னால் தாங்க முடியவில்லை." இதுதான் என் ஜெபம். ஆமென்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். "நாளைக்குக் காலைல நான் பஸ்சு ஏறுதேன். வந்தா வாங்க. வரலேன்னா ரஹ்மத் அக்கா வருவாக."

அவர் வந்தார். மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம்.

ஆபரேஷன் நாளன்று மைனியும் இரண்டு பெண்களும் நர்சிங் ஹோம் வராந்தாவில் வந்து நின்று பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். எனக்காக என்று சொன்னார்கள். எனக்கு எதிராகத்தான் அந்தப் பாட்டு என்று எனக்கு நன்றாகவே கேட்டது. டாக்டரம்மா என் கணவரிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"திறந்து பாத்தாத்தான் தெரியும். கேன்சரா பரவியிருந்தா ரெண்டு சினைப்பை, கர்ப்பப்பை, எல்லாத்தையும் எடுக்க வேண்டியிருக்கும். அதுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா நான் கத்திய எடுக்க மாட்டேன்."

மைனி உள்ளே வந்து தம்பியின் கையைப் பிடித்தார். "ஏலே, கையெழுத்துப் போடாத. கர்ப்பப்பய எடுத்துட்டா அதோட முடிஞ்சிச்சு."

எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசைதான், அவர் போடக் கூடாது என்று. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் கணவர் அக்காவின் கையை விலக்கிவிட்டார். "அவ இருந்தாப் போதும்க்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எழுத்துகள் கோணிப் போயின. அந்தக் காகிதத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தேன்.

மூன்று மணி நேரம் ஆனது என்று பின்னால் சொன்னார்கள். கட்டி ஆறரைக் கிலோ. இடது பக்கச் சினைப்பையிலிருந்து வளர்ந்திருந்தது. உள்ளே உடைந்துவிடாமல், தோல் கிழியாமல் முழுசாக எடுத்ததாக டாக்டரம்மா சொன்னார். உடைந்திருந்தால் உள்ளே இருக்கிற கொழகொழப்பான தண்ணீர் வயிறு முழுக்கச் சிந்தியிருக்கும். வலது பக்கச் சினைப்பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். கர்ப்பப்பையைப் பார்த்திருக்கிறார். குடலின் மேல் இருக்கிற கொழுப்புச் சவ்விலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு எடுத்திருக்கிறார். பிறகு எல்லாவற்றையும் எடுக்காமல் தைத்து மூடிவிட்டார். ஏன் எடுக்கவில்லை என்று பல வருடம் கழித்து நான் கேட்டேன். "கண்ணுக்குச் சுத்தமா தெரிஞ்சுது. வயசு சின்னது. எடுத்தா திருப்பி வைக்க முடியாது, விட்டா பின்னாடி எடுத்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம். அடுப்படியில் நான் கேட்டதை அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரம்மா வெளியே வந்து, பாடிக்கொண்டிருந்த மைனியை உள்ளே கூப்பிட்டாராம். கட்டி ஒரு பெரிய பேசினில் இருந்தது. "இதைப் பாத்துட்டுப் போங்க. இதுக்குத்தான ஆறு மாசமா பாடினீங்க" என்றாராம். ரஹ்மத் அக்கா பக்கத்தில் நின்று பார்த்தவர். மைனி வராந்தாவில் போய் வாந்தி எடுத்தார் என்று என்னிடம் சொன்னார். வலியோடு படுத்துக்கொண்டு அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். கிறிஸ்தவப் பெண் அப்படிச் சந்தோஷப்படக் கூடாது என்று தெரியும். பட்டேன்.

கட்டியின் துண்டுகளை மதுரைக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. நல்லது என்றும் போடவில்லை, கேன்சர் என்றும் போடவில்லை. பார்டர்லைன் என்று போட்டிருந்தது.

"அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"நல்ல கட்டி ஒரு வயல், கேன்சர் பக்கத்து வயல்னு வச்சுக்க. இது ரெண்டுக்கும் நடுவுல வரப்பு மேல நிக்குது. செல்லெல்லாம் கோணல்மாணலாத்தான் இருக்கு. ஆனா அக்கம்பக்கத்துச் சதைக்குள்ள இறங்கல. அனுப்பின மத்தத் துண்டுலயும் ஒண்ணும் இல்ல."

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என் கணவர் மதுரையில் ஒரு பெரிய டாக்டரிடம் போனார். அவர், தாமதிக்காமல் இன்னொரு ஆபரேஷன் செய்து மீதியையும் எடுத்துவிடுங்கள் என்றார். இப்போது மைனியின் பேச்சு தலைகீழாக மாறியது. "பெரிய டாக்டரே சொல்லுதாரு. எடுத்துருங்க. இவளுக்கு எப்பிடியும் பிள்ள நிக்கப் போறதில்ல." ஒரு மாதத்துக்கு முன்னால் கையெழுத்தே போடாதே என்றவர் இவர்தான். நான் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டை மேஜை மேல் வைத்துக்கொண்டு பேசினார். "மதுரை டாக்டர் சொல்றது தப்பில்ல. நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க. இன்னொரு வழி, இப்படியே விட்டுட்டு கவனமா பாத்துக்கிட்டு வர்றது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை நீ இங்க வரணும். ஒரு தடவைகூடத் தவறக் கூடாது. வருஷக்கணக்கா வரணும். மிச்சமிருக்கிற பக்கத்துல திரும்பவும் கட்டி வரலாம், வராமலும் இருக்கலாம்."

"வருமா, வராதா?"

"எனக்குத் தெரியாது" என்றார்.

சகோதரிகளே, அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மைனிக்குத் தெரிந்திருந்தது, பாஸ்டருக்குத் தெரிந்திருந்தது, தெருவில் போகிறவனுக்கும் தெரிந்திருந்தது. இருபது வருடம் கத்தி பிடித்த இந்த அம்மாவுக்குத் தெரியவில்லையாம், அதை வாய்விட்டுச் சொல்கிறார். நான் கேட்ட ஆள் இவர்தான் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், நான் வருவேன் என்று சொன்னேன். என் கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை, நேராக டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

சபையில் எனக்கு அப்பமும் திராட்சை ரசமும் தருகிற திருவிருந்து கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அவிசுவாசத்தால் பிள்ளையைக் கட்டியாக்கினேன் என்று நான் சபையின் முன்னால் அறிக்கையிட வேண்டுமாம். நான் போகவில்லை. என் கணவரும் போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மழையானாலும் வெயிலானாலும், நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். அங்கே புதிதாக வந்த மெஷினில் எடுத்த ஸ்கேன் படங்கள் என் பெட்டியில் அடுக்கடுக்காகச் சேர்ந்தன.  ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா "ஒண்ணும் இல்ல, போயிட்டு வா" என்பார். ஒரு நாளாவது சிரித்தபடி சொன்னதில்லை.

1990 ஜூன் மாதம் அதே படுக்கையில் அவர் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார். 

"கட்டியாம்மா?"

"இல்ல. இந்தத் தடவை நிஜமாவே பிள்ளை."

நம்பவில்லை. மூன்று தடவை கேட்டேன். சிறுநீர் சோதனைத் தாளைக் கையில் கொடுத்தார். ஐந்து மாதம் வரை என் கணவரையும் ரஹ்மத் அக்காவையும் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. முதல் தடவை அது உள்ளே அசைந்தபோது நான் தறிக் கொட்டகையில் இருந்தேன். ஒரு சின்ன உதை, அவ்வளவுதான். நூல் அறுந்ததைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்து அழுதேன். 1991 பிப்ரவரியில் என் மகள் பிறந்தாள்.

கேள்விப்பட்டு மைனி வந்தார். பாஸ்டரும் வந்தார். நாலு வருடமாக வாசலில் கால் வைக்காதவர்கள். மைனி பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "பாத்தியா, அன்னைக்குச் சொன்ன முன்சாட்சி நெறவேறிட்டு. கொஞ்சம் லேட்டாயிட்டு, அம்புட்டுத்தான்" என்றார். ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு வந்து மேடையில் சாட்சி சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் கேட்டார். அவர்கள் கணக்கில் என் மகள் அவர்கள் ஜெபித்துப் பெற்ற பிள்ளை. டாக்டரம்மா இல்லை, ஆபரேஷன் இல்லை, நாலு வருடப் பஸ் இல்லை. வருகிறேன் என்று சொன்னேன். என் கணவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதே மேடையில் ஏறினேன்.

"87ல இதே எடத்துல நின்னு நான் பொய் சொன்னேன். என் வயித்துல அன்னைக்குப் பிள்ள இல்ல. ஆறரைக் கிலோ கட்டி இருந்துச்சு. இந்தச் சபை என்னைய ஆசுபத்திரிக்குப் போக விடல. ஒரு முஸ்லிம் அக்காதான் கூட்டிட்டுப் போனாக. கர்த்தர் அவுக கையப் பிடிச்சு என்னையக் கூட்டிட்டுப் போனாரு. உங்கள்ல யாருக்காவது வயிறு பெருசாகி, உள்ள அசைவு தெரியலேன்னா, ஜெபம் பண்ணிட்டு நாளைக்கே டாக்டரப் போய்ப் பாருங்க."

பாஸ்டர் கை காட்டினார். டிரம் அடிக்கத் தொடங்கினார்கள், கஞ்சிராவும் சேர்ந்துகொண்டது. மைக்கை அணைத்துவிட்டார்கள். பத்து வருடம் தறி ஓடுகிற சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவள் நான். அவர்கள் டிரம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். வெளியே வருகிற வரைக்கும் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் செட்டியார்பட்டியிலிருந்து ஒரு பெண் விசாரித்துக்கொண்டு தறிக் கொட்டகைக்கே வந்தாள். தனக்கும் அசைவு தெரியவில்லை என்று அழுதாள். நானும் ரஹ்மத் அக்காவும் பதறியடித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனோம். அவளுக்கு நிஜமாகவே பிள்ளைதான், மூன்றரை மாதம். அசைவு தெரிகிற காலமே வரவில்லை. டாக்டரம்மா எங்கள் மூவரையும் சேர்த்து வைதார்.

இதோடு முடிந்துவிட்டதாக எழுதினால் நன்றாக இருக்கும். முடியவில்லை. 1996 ஆகஸ்டில், அப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க்கொண்டிருந்தேன், வலது பக்கச் சினைப்பையில் எலுமிச்சம்பழ அளவில் ஒன்று தெரிந்தது. வரலாம் என்று அவர் சொன்னது வந்துவிட்டது. இந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று நானே சொன்னேன். காகிதத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். ஒரு காலத்தில் பிடுங்காதேயும் என்று சண்டை போட்டுக் கேட்டதை, வேலை முடிந்தது, எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் மறுபடியும் அதே பார்டர்லைன். வேறெங்கும் பரவவில்லை. இதை எழுதுகிற 1999 வரை கர்த்தர் என்னை உயிரோடு வைத்திருக்கிறார். என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

நான் இப்போது ஒரு சின்னச் சபைக்குப் போகிறேன். அங்கே யாராவது என் மேல் கை வைத்து ஜெபிக்க வந்தால், கூட ஆசுபத்திரிக்கும் வருவீர்களா என்று கேட்டுவிடுவேன். பாதிப் பேர் கையை எடுத்துவிடுகிறார்கள். என் வாய் மாறவில்லை என்று கணவர் சொல்கிறார். அவர் மாறியிருக்கிறார். தனக்குத் தோன்றுவதை இப்போது சொல்கிறார், சில நேரம் தேவைக்கு மேலேயே சொல்கிறார். சகோதரிகளே, கர்த்தரை நம்புங்கள். அவரிடம் சண்டை போட்டும் கேட்கலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், எனக்கு அனுபவம் உண்டு. ஆனால் அவர் பெயரைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். வராததை வந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். உடம்பு ஏதாவது சொன்னால் அதற்குக் காது கொடுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் மறைத்தால் சாட்சி நிறையாது. 1996ல் இரண்டாவது ஆபரேஷனுக்கு என்னை உள்ளே கொண்டு போவதற்குச் சற்று முன்னால் எஸ்தர் மைனி தனியாக வந்தார். முடி நரைத்திருந்தது. வாசலிலேயே நின்றார். பாட்டு இல்லை, கூட ஆட்கள் இல்லை.

"ராணி, நான் என்ன கேட்டு ஜெபிக்கணும்? நீயே சொல்லு" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.  திருப்பி அடிக்கிற மாதிரி ஒன்றைச் சொல்லலாம் என்று பார்த்தேன்.

"டாக்டரம்மா கை நடுங்காம இருக்கணும்னு கேளுங்க. அது போதும்" என்றேன்.

அவர் அந்தச் சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், நான் சொன்னதை மட்டும் கேட்டார். கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத என் கை இன்னும் வரவில்லை. ஆனால் அந்த ஜெபத்துக்கு நான் ஆமென் சொன்னேன். அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன்.